மாமி வீட்டுச் சிவப்புத் தண்ணீர்

எங்கள் தெருவில் தண்ணீர் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். முதலில் வருவது காற்றுதான். சமையலறைக் குழாயைத் திறந்து, அடியில் பானையை வைத்துவிட்டுத்தான் நான் படுப்பேன். குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விடும், இருமும், பிறகு பானையின் அடித்தகட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். பானை நிறைய நிறைய அந்தச் சத்தம் மெலிந்து, குழந்தை தூக்கத்தில் ஏதோ சொல்வதுபோல ஆகிவிடும்.

உடனே எழுந்துகொள்ள மாட்டேன். மகனின் பாதம் என் வயிற்றின் மேல் கிடக்கும். கண்ணை மூடியபடி, அந்தத் தண்ணீர் வந்த வழியை நினைத்துக்கொண்டிருப்பேன். மலையில் எங்கோ கசிந்து, கரமனை ஆறாகி, அருவிக்கரையில் தடுத்து நிறுத்தப்பட்டு, அங்கிருந்து பெரிய குழாய்களுக்குள் இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் நடக்கிற பெண்ணைப்போல நகரத்துக்குள் வருகிறது. பேருந்து நிலையத்துக்கு அடியில், பேக்கரிகளுக்கு அடியில், தூங்குகிறவர்களின் கட்டிலுக்கு அடியில் நடந்து, கடைசியில் ஸ்ரீவராகத்தில் எங்கள் மாடிக்கு ஏறுகிறது. இவ்வளவு தூரம் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் வந்த தண்ணீர், வழியில் எதையெல்லாம் தொட்டிருக்கும்? அந்த இடத்துக்கு வரும்போது எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும்.

ஒருமுறை இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உலகத்தில் எல்லாமே ஏற்றுவது அல்லது இறக்குவது.

"தண்ணி வந்தா எழும்பிப் பிடி. வரல்லேன்னா படுத்துக் கிட. இதுல கனா காணதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

நாங்கள் இருவரும் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்து, பழைய அக்கிரகாரத் தெருவில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். கீழே வீட்டுச் சொந்தக்கார மாமி தனியாக இருக்கிறார். நான் கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மத்தியானம் வரை வேலை பார்க்கிறேன். அந்த நேரம் முழுக்க இரண்டு வயது தாண்டிய என் மகன் மாமியிடம். நான் கேட்டு அவர் ஒப்புக்கொண்டதல்ல அது. குழந்தை தவழ ஆரம்பித்த நாட்களில் மாமி ஒருநாள் மேலே வந்து, "இவன நான் எடுத்துண்டு போறேன். நீ போய் தலைய வாரிண்டு ஆபீசுக்குப் போ, பாக்கச் சகிக்கலே" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். அப்படித் தொடங்கியது.

இந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு நிறம் உண்டு. பதிமுகம் என்று ஒரு மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். வீடு, ஓட்டல், ஆஸ்பத்திரி கேன்டீன், கல்யாணப் பந்தி, எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் ஒரு சிவப்புக் கிளாஸ் வந்து நிற்கும். என் மகன் பால் மறந்து குடித்த முதல் தண்ணீரே அதுதான். காலையில் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தக் கிளாஸில் பட்டால், சுவரில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் ஆடும். அவன் அதைப் பிடிக்கப் போவான். நான் பால் காய்ச்சுவதை மறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நிறம் என்னை நிம்மதியாக வைத்திருந்தது. கொதித்திருக்கிறது, மூலிகை சேர்ந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று அது சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு தெருவைத் தோண்டினார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறார்கள் என்றார்கள். வாசலுக்கு நேராகச் செம்மண் குவியல். பள்ளத்துக்குள் குழாய், அதன் பக்கத்திலேயே சாக்கடை ஓடை, நடுவில் ஒரு முழம் மண். மழை பெய்தால் பள்ளம் நிறைந்து, எது எந்தத் தண்ணீர் என்று தெரியாது. நான் தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய முடியும் என்று தெரியாமலே பார்ப்பேன்.

பள்ளம் மூடிய வாரத்தில், ஒரு காலை, பதிமுகத் தண்ணீர் வேறு நிறத்தில் வந்தது. ரோஜா நிறம் போய், நாவல்பழம் தின்ற நாக்கைப்போல ஊதா கலந்த கருஞ்சிவப்பு. சீவல் அதிகமாகிவிட்டதோ என்று மறுநாள் குறைத்துப் போட்டேன். அப்போதும் அதே ஊதா. பாக்கெட்டை மாற்றினேன். அதே ஊதா. பக்கத்துத் தெருவில் யாருக்கோ மஞ்சள்காமாலை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். யாருக்கு, எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை நாள் என் குழந்தைக்குக் கொடுத்த தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடியில் கலங்கலா, தெளிவா, தூசியா, துருவா? எல்லாவற்றையும் அந்த அழகான சிவப்பு மூடிவிட்டிருக்கிறது. உடனே பதிமுகத்தை நிறுத்தினேன். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீருக்குள் ஏதோ மிதந்தது. டம்ளரைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. கண்ணை மூடித் திறந்தால் சுவரிலும் மிதந்தது. அப்படியானால் அது என் கண்ணில் இருக்கிறது. அல்லது இரண்டிலும் இருக்கிறது.

அந்த டம்ளரை மகனிடம் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது வெள்ளம் இல்ல" என்றான்.

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். "வெள்ளம்தான் மக்களே, குடி" என்றேன். அவன் டம்ளரை மெதுவாக, மரியாதையோடு என் பக்கம் தள்ளினான். தெரியாத ஆள் கொடுக்கும் மிட்டாயை வாங்கக் கூடாது என்று நானே சொல்லிக் கொடுத்த மாதிரித் தள்ளினான். வாயில் வைத்துக் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றிவிட்டு, துளசிச் செடியில் துப்பினான். மாமியின் துளசி அது.

சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்று ஊரில் இருந்தது. கணவருக்குப் பகல் ஓய்வு இருந்த ஒரு நாளில், தண்ணீர் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நான் அலுவலகம் போனேன். மத்தியானம் போனில் அழைத்தார். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"லேப்ல சிரிச்சு வச்சாவ. நான் சிவந்த வெள்ளம் கொண்டு போனேன்."

"சிவந்த வெள்ளமா? வீட்டுல பதிமுகமே போடல்லியே?"

"கீழ மாமிகிட்ட வாங்கினேன். குடிக்கிற வெள்ளத்தத்தானே பாக்கணும்? குளிக்கிற வெள்ளத்தப் பாத்து என்ன செய்ய?"

லேபில் இருந்த இளம்பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது பதிமுகமல்லே?" என்று கேட்டாராம். பிறகு அவர்களே ஒரு சுத்தமான பாட்டிலைக் கொடுத்து, குழாயிலிருந்து நேராகப் பிடித்து வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவை அவர் ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தார். முடிவைக் கேட்க நானே போனேன்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஊதா நிறத்தைப் பற்றிக் கேட்டதும் சிரிக்காமல் பதில் சொன்னார். புதுக் குழாயின் உட்புறம் சிமென்ட் பூசியிருப்பார்கள், கொஞ்ச நாளைக்கு அது தண்ணீரில் லேசாகக் கரையும், அதனால் தண்ணீரில் காரத்தன்மை ஏறும், பதிமுகம் காரத்தில் கறுக்கும், போகப் போகச் சரியாகிவிடும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குளோரின் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. தோண்டின தெருவில் எங்கே கசிவு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

"கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்" என்றேன், பெருமையாக.

"கொதிக்க வச்சிட்டு, ஆறணும்னு பச்சை வெள்ளம் சேர்க்கரதுண்டு, இவிட எல்லாரும்" என்றார் அவர், எனக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து. "அது மட்டும் செய்யாதீங்க."

நான் அப்படிச் செய்வதில்லை என்றேன். திரும்பி வரும்போது பேருந்து ஜன்னலில் சாய்ந்தபடி நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். மணக்காடு வருவதற்குள் அது போய்விட்டது. அவர்கள் சோதித்த தண்ணீர் அன்றைக்கு வந்த தண்ணீர். அது எப்போதோ சாக்கடையில் இறங்கிக் கடலுக்குப் போய்விட்டது. இன்று காலை வந்தது வேறு. நாளை வரப்போவது இன்னும் மலையில் இருக்கிறது, அதற்குத் தான் எங்கே போகிறோம் என்றே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் முழுநாளும் எங்களோடு மாடியில் இருந்தான். கஞ்சி குடித்தான், இளநீரில் கொஞ்சம் குடித்தான், தண்ணீர் மட்டும் மாட்டேன் என்றான். சாயங்காலம் அவன் பனியனும் டிரவுசரும் மாற்றும்போது பார்த்தேன். ஈரம் பட்ட இடம் அடர்ந்த மஞ்சளாக இருந்தது.

அவன் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாகத் தெரிந்தது. பல்பின் மஞ்சளோ என்று ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அந்தி வெயிலும் மஞ்சள். படிக்கட்டின் நிழலுக்குப் போனேன். அங்கே வெள்ளையாகத் தெரிந்தது. திரும்ப உள்ளே வந்தேன். திரும்ப மஞ்சள். அவனுக்கு அது விளையாட்டாகப் பட்டு, ஒவ்வொரு இடத்திலும் கண்ணை அகலமாக விரித்துக் காட்டினான்.

"நீ பாத்துப் பாத்தே அவன மஞ்சளாக்கிருவ" என்றார் கணவர். "ஒனக்கு வெப்ராளம் கூடிப் போச்சு, கேட்டியா."

எங்கள் பக்கத்தில் பதற்றத்துக்கு அப்படிச் சொல்வார்கள். ஆனால் அவரும் எழுந்து வந்து ஒருமுறை பார்த்தார். நான் பார்க்காத நேரத்தில் இன்னொரு முறையும் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், நாக்கை நீட்டச் சொன்னார். காமாலை ஒன்றுமில்லை என்றார். "குட்டி வெள்ளம் குடிக்குன்னுண்டோ?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சிமென்ட் பூச்சு வரைக்கும். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் குறைந்ததால் மூத்திரம் மஞ்சளானது, அவ்வளவுதான், அவனுக்குச் சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பே கொடுங்கள், குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்றார். தண்ணீரில் ஏதோ வந்து அவனைக் கெடுத்துவிடும் என்று நான் பயந்தேன். அந்தப் பயமே அவனைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

வெளியே வரும்போது ஒரு கேள்வி கிளம்பியது. நான் பதிமுகத்தை நிறுத்தி இவ்வளவு நாள் ஆகிறது. வார நாட்களில் மஞ்சள் இல்லை. அப்படியானால் வார நாட்களில் அவன் எங்கோ வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறான்.

அவனை மாமியிடம் விட்டுவிட்டு அலுவலகம் போனேன். கணக்குகளில் மனசு நிற்கவில்லை. தலைவலி என்று சொல்லி, மத்தியானத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிட்டேன். மாமி வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் டிவியில் யாரோ மலையாளத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். கூடத்திலிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும்.

மாமி மேடை முன்னால் நின்றிருந்தார். என் மகன் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "வெள்ளம், வெள்ளம்" என்று குதித்தான். மாமி ஒரு பிளாஸ்க் கூஜாவிலிருந்து சின்ன டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். கஷாயம் மாதிரி இருண்ட சிவப்பு. ஆவி மேலே எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் சுருண்டது. பிறகு டம்ளரைக் குழாயடியில் பிடித்து, திறந்தார். கீழ்வீட்டுக் குழாயில் மத்தியானம் வரை தண்ணீர் வரும். குழாய்த் தண்ணீர் உள்ளே விழ விழ, அந்த இருட்டுக்குள்ளிருந்து ரோஜா நிறம் பூ விரிகிற மாதிரி விரிந்தது. எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகு என்பதுதான். அவன் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, முழுதும் குடித்து முடித்தான். அதற்குப் பிறகுதான் லேப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது.

மாமி திரும்பினார். "என்னது, இன்னிக்கு இத்தன சீக்கிரம்? ஆபீசுல சண்டையா?"

"இல்ல மாமி, தலைவலி. அது... அவனுக்கு எப்பவும் இப்படித்தான் கொடுப்பீங்களா?"

"எப்படி?"

"குழாய்த் தண்ணி விட்டு."

"பின்னே? சுடச்சுடக் கொடுத்தா வாய் வெந்துடாதோ? காலம்பற கெட்டியாக் கொதிக்க வச்சுடுவேன், அப்பப்போ வெளாவிக் கொடுத்துடுவேன். பாதிக்குப் பாதி. நன்னாக் கொதிச்சதாக்கும், பயப்படாதே."

நான் தலையாட்டினேன். மகனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதி என்று ஒவ்வொரு படியிலும் கேட்டது. கொஞ்ச நாளாக என்றில்லை. தவழ்ந்த காலத்திலிருந்தே. நான் மேலே அளந்து கொதிக்க வைத்து, மூடி வைத்து, துணி கட்டிப் பாதுகாத்தபோதெல்லாம், கீழே அவன் குழாய்த் தண்ணீரைச் சிவப்பாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் கிரேன் ஓசை.

"ஒண்ணும் ஆகல்லியே அவனுக்கு? பெறகென்ன?"

"இப்போ குளோரின் இல்லேன்னு லேப்ல சொன்னாவளே. தெருவத் தோண்டிப் போட்டிருக்காவளே."

"அதுக்காவ மாமிகிட்ட போய் வல்லதும் சொல்லிராத. அவிய கோவிச்சா பிள்ளையப் பாக்கதுக்கு வேற ஆரு உண்டும்?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் நினைத்த காரணம் மட்டும் என்னைத் தடுக்கவில்லை. இந்தத் தெருவில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது அவ்வளவு எளிதல்ல. யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள் என்பதற்கு இங்கே ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் என் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாமிக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமி என் மகனை மடியில் போட்டுத் தூங்கவைப்பார், அவன் எச்சில் தோளில் வழிந்தால் துடைத்துக்கொள்வார். மாடிக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் கதை பேசுவார். ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டால் மட்டும், "இப்போதான் ஆச்சு" என்பார். வெகு நாளைக்கு நான் அதை வெறும் மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

இப்போது நான் போய் அவரிடம் சொல்ல வேண்டியது, உங்கள் தண்ணீர் சுத்தமில்லை, என் தண்ணீரைப் பிடியுங்கள் என்பதை. எந்தச் சொற்களில் சொன்னாலும் அது அதுதான்.

அன்று மேலே மறுபடி பதிமுகம் போட்டேன். மகன் ஊதாவை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் குடித்தான். அது ஒரு பாதி நிம்மதி. மறுநாள் காலையில் குழாய் பெருமூச்சு விட்டபோது, அரைத்தூக்கத்தில் ஒரு காட்சி வந்தது. ஊருக்கு அடியில் இருக்கிற குழாய்கள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டன. அவற்றுக்குள் சிவப்புத் தண்ணீர் ஓடுகிறது. தெருவில் நடக்கிற எல்லோரும் குனிந்து பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்கிறார்கள். நான் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறேன், சத்தம் வரவில்லை. மகனின் பாதம் வயிற்றில் உதைத்ததில் எழுந்தேன். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் விட்டுவைத்தேன். இறக்கி, சின்ன எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மூடினேன். அது ஆறும்வரை வாக்கியங்களைத் தயார் செய்தேன். 'மாமி, டாக்டர் என்ன சொல்றார்னா...' இதுதான் நன்றாக இருந்தது. டாக்டர் பெயரைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

ஒரு கையில் மகன், ஒரு கையில் தூக்கு. மாமி வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தார்.

"என்னடி அது, பாயசமா? என்ன விசேஷம்?"

"தண்ணி மாமி."

"ஜலமா! என் ஆத்துல ஜலம் வரலேன்னு யார் சொன்னா நோக்கு?"

"கொதிக்க வச்சு ஆறினது மாமி. நீங்க அவனுக்கு வெளாவும்போது குழாய்த் தண்ணிக்குப் பதிலா இத விட்டுக் கொடுத்தா... டாக்டர் என்ன..."

"டாக்டர் சொன்னாரா?"

சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமி. டாக்டர் இதச் சொல்லல. லேப்ல சொன்னாங்க, கொதிச்சதுல பச்சத் தண்ணி கலக்கக் கூடாதுன்னு. உங்ககிட்டச் சொல்றது நான்தான்."

மாமி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்போ நான் இத்தன நாளா உன் கொழந்தைக்கு வெஷத்தையா கொடுத்திண்டிருக்கேன்?"

"அப்படி இல்ல மாமி. எனக்குப் பயமா இருக்கு."

"நோக்கு எதுக்குத்தான் பயமில்லே? அவன் படி எறங்கினா பயம். தும்மினா பயம். பல்லி கத்தினா பயம். அன்னிக்கு என் துளசில அவன் துப்பிட்டான்னு சொல்றதுக்குக்கூட பயந்துண்டு, நீயே ராவோட ராவா அலம்பி விட்டிருக்கே. நேக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?"

"ஆமா மாமி" என்றேன்.

மாமி பொடி படிந்த கையைத் தலைப்பில் துடைத்தார். தூக்கை வாங்கக் கையை நீட்டவில்லை. உள்ளே நடந்துகொண்டே, "கூடத்துல தையல் மெஷின் மேல வை" என்றார். சமையலறை அங்கிருந்து நாலு எட்டுத்தான். நான் தையல் மெஷினின் மேல் விரித்திருந்த துணியை ஒதுக்கி, தூக்கை வைத்தேன். சமையலறை மேடையில் இடமில்லாததால் அங்கே வைக்கச் சொன்னாரா, வேறு காரணத்தாலா என்று நான் கேட்கவில்லை. என் குழந்தை குடிக்கப் போகிற தண்ணீர் கொதித்ததாக இருந்தால் போதும், அது எந்த அறையில் இருந்தால் என்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மையில்லை. ஆனால் அன்று காலைக்கு அந்த அளவு போதுமாக இருந்தது.

மாமி கூஜாவையும் சின்ன டம்ளரையும் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு வந்தார். கருஞ்சிவப்பைப் பாதி ஊற்றினார். என் தூக்கைத் திறந்து, முகர்ந்து பார்ப்பதுபோல ஒரு கணம் குனிந்து, டம்ளரில் சாய்த்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டு மெல்லப் பிரிந்து ரோஜா நிறம் வந்தது. மேலே என் சமையலறையில் வரும் ஊதாவைப் போல் இல்லை. கூஜாவில் எலுமிச்சை ஏதாவது பிழிகிறாரோ என்று கேட்கத் தோன்றியது, அது சமயமில்லை.

"இது வெள்ளம்தானா, கேளு உங்கம்மாவ" என்றார் மாமி, அவன் மூக்குக்கு முன்னால் டம்ளரை ஆட்டி.

அவன் யாரையும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடுங்கி, கண்ணை மூடிக் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "இன்னும்" என்றான்.

மாமி தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். "இது எந்த மூலைக்குக் காணும்? மத்தியானம் வரைக்கும் நான் என்ன பண்றது? நாளைக்குப் பெரிய பாத்திரமாக் கொண்டு வா. கொண்டு வரதுதான் வரே, கஞ்சப்பிசினாறி மாதிரி."

"சரி மாமி."

"போ, பஸ்ஸ விட்டுடாதே. அதுக்கும் பயப்படப் போறே."

தெருவில் இறங்கினேன். மூடிய பள்ளத்தின் மேல் இன்னும் தார் போடவில்லை, செம்மண் மழையில் ஊறிக் கிடந்தது. அதன் அடியில் அன்றைய தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நாளை எந்தப் பாத்திரம், பொங்கலுக்கு எடுக்கிற பெரிய குண்டான் சரியாக இருக்குமா, அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியுமா, அவனையும் தூக்கிக்கொண்டு முடியுமா என்று யோசித்தபடி நடந்தேன். தெருமுனையில் கால் தானாக நின்றது. அந்தத் தூக்கைக் காலையில் கழுவினேன். குழாயில்தான் கழுவினேன், உள்ளே அந்த ஈரம் ஒட்டியிருக்கும். கழுவிய பிறகு கொதித்த தண்ணீரைச் சூடாக ஊற்றினேனா, ஆறிய பிறகு ஊற்றினேனா? கையில் சுட்டதா? உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன், பஸ் வரும்வரை.